போர்க்கால வணிகக் கப்பல் மாலுமிகள்: கேள்வி பதில்

கேள்வி: சண்டையிடாத சரக்குக் கப்பலில் வேலை செய்தவர்களுக்கு ஏன் அவ்வளவு ஆபத்து?

பதில்: இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் உணவுக்கும் எண்ணெய்க்கும் கடல்வழியையே நம்பியிருந்ததால், அதை அறுப்பதே ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்களின் நோக்கமாக இருந்தது. போர் அறிவிக்கப்பட்ட 1939 செப்டம்பர் 3 அன்றே ஏதீனியா என்ற பயணிகள் கப்பல் டார்பிடோவுக்கு இரையானது. போர் முடிவதற்குள் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் சுமார் 30,000 பேர் மாண்டனர்.

கேள்வி: கப்பலின் அடித்தளத்தில், இயந்திர அறையில் வேலை எப்படி இருந்தது?

பதில்: நிலக்கரியை எரித்து ஓடிய கப்பல்களில் நான்கு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு என்ற முறை பொதுவாக இருந்தது. ஒருவர் கிடங்கிலிருந்து கரியைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து கொட்ட, இன்னொருவர் அதை உலையில் வாரிப் போட்டு, இறுகிய கசடை நீண்ட இரும்புக் கோலால் பெயர்த்து இழுப்பார். நெருப்பு தணிந்தால் கப்பல் தொடரணியை, அதாவது பாதுகாப்புக்காகக் கூட்டமாகச் செல்லும் கப்பல் வரிசையை விட்டுப் பின்தங்கி எதிரிக்கு எளிய இலக்காகிவிடும். கரியைத் தாறுமாறாகப் போட்டாலோ புகைபோக்கி கக்கும் கரும்புகை தொடரணி முழுவதையும் தொலைவிலிருந்தே காட்டிக்கொடுத்துவிடும். டார்பிடோ இயந்திர அறையைத் தாக்கினால் நீராவிக் குழாய்கள் வெடிக்கும், விளக்குகள் அணையும், மேலே ஏறுவதற்குச் செங்குத்தான இரும்பு ஏணி மட்டுமே இருக்கும். மிகக் கொடிய பணியிடம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: விளக்கில்லாமல் இரவில் எப்படி ஓட்டினார்கள்?

பதில்: முன்னால் செல்லும் கப்பலின் பின்புறத்தில் இருந்த மறைப்பிட்ட சிறு விளக்கைத்தான் பின்னால் வரும் கப்பல் பார்த்துக்கொண்டு வந்தது. மூடுபனியில் அந்த முன்கப்பல் கயிற்றில் கட்டி இழுத்த மிதவை தெறிக்கவைத்த நீரே அடையாளம்.

கேள்வி: மூழ்கிய கப்பலிலிருந்து தப்பியவர்களின் நிலை?

பதில்: நின்று காப்பாற்றும் கப்பலே அடுத்த இலக்காகிவிடும் என்பதால், தண்ணீரில் தத்தளித்தவர்களைக் கடந்து செல்ல மற்றக் கப்பல்கள் பல வேளைகளில் கட்டாயப்பட்டன. 1942 நவம்பரில் மூழ்கிய பென்லோமண்ட் கப்பலின் சீனப் பணியாளர் பூன் லிம், மிதவையில் 133 நாள் மழைநீரையும் பிடித்த மீனையும் கொண்டு உயிர் பிழைத்தார். இத்தனைக்கும், 1941 மே மாதம் வரை பிரிட்டிஷ் மாலுமிகள் பலருக்குக் கப்பல் மூழ்கிய நாளோடு சம்பளமும் நின்றுபோனது. இதை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கேள்வி: இந்தியர்கள் இருந்தார்களா?

பதில்: பல்லாயிரக்கணக்கில் இருந்தார்கள். லஸ்கர் எனப்பட்ட அவர்களில் இன்றைய வங்கதேசத்தின் சில்ஹெட்டைச் சேர்ந்த பலர் உலையடியில்தான் உழைத்தனர். வெள்ளை மாலுமியைவிட அவர்களின் சம்பளம் மிகக் குறைவு. லண்டன் டவர் ஹில் நினைவிடத்தில் வணிகக் கப்பல் மாலுமிகளின் பெயர்கள் பலகைகளில் பொறிக்கப்பட்டிருக்க, இந்திய மாலுமிகளுக்கு மும்பையிலும் இன்றைய வங்கதேசத் துறைமுகமான சட்டகிராமிலும் (சிட்டகாங்) வைக்கப்பட்ட பெயரேடுதான் நினைவிடம். அதில் கடற்படையினரையும் சேர்த்து 6,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன.