புது அறக்கட்டளை: யாருடைய பணத்தை எப்போது வாங்கலாம்?

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து பொது அறக்கட்டளை ஒன்றைப் பதிவு செய்து ஆறு மாதமாகிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறோம். இதுவரை வந்த 1,80,000 ரூபாயை என் சொந்த யுபிஐ எண்ணில்தான் வாங்கியிருக்கிறேன். ஒரு கம்பெனி சிஎஸ்ஆர் நிதி (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி) தருவதாகச் சொல்கிறது. கனடாவில் இருக்கும் என் அத்தை மகன் 5 லட்சம் அனுப்பத் தயாராக இருக்கிறார். எதை முதலில் வாங்குவது?

பதில்: இரண்டையும் இப்போது வாங்காதீர்கள். அதற்கு முன், உங்கள் சொந்தக் கணக்கில் வந்த பணத்தை ஒழுங்குபடுத்த வேண்டும்.

அந்தப் பணம் அறக்கட்டளைக்கென்று கொடுக்கப்பட்டது. ஆனால் வருமான வரித்துறையின் பார்வையில் அது உங்கள் பான் எண்ணுக்கு வந்த வரவு. அறக்கட்டளை பெயரில் பான் அட்டையும் வங்கிக் கணக்கும் வாங்கியதும், செலவானது போக மீதியை ஒரே தவணையில் அந்தக் கணக்குக்கு மாற்றுங்கள். செலவான தொகைக்குப் பில் இருக்க வேண்டும். அறங்காவலர் கூட்டம் போட்டு, "இன்னாருடைய கணக்கில் அறக்கட்டளைக்காகப் பெற்ற தொகை" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள். கூடவே ஒரு பட்டியல்: கொடுத்தவர் பெயர், முகவரி, தேதி, தொகை, பரிமாற்ற எண். பெயரும் முகவரியும் இல்லாத நன்கொடையைச் சட்டம் அனாமதேய நன்கொடையாகப் பார்க்கிறது. அது 1 லட்சம் ரூபாய் அல்லது மொத்த நன்கொடையில் 5 சதவீதம், இதில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 30 சதவீத வரி.

அடுத்து 12ஏ (அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிக்கழிவு) பதிவுகள். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. ஆடிட்டர்கள் இன்னும் பழைய எண்களில்தான் பேசுகிறார்கள் என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன். விண்ணப்பிக்கும் அன்று இணையதளத்தில் இருக்கும் படிவ எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். செயல்பாடு தொடங்காத அறக்கட்டளைக்கு 10ஏ படிவத்தில் மூன்று வருடத் தற்காலிகப் பதிவு கிடைக்கும். சீக்கிரம் கிடைக்கிறது என்பதால் எல்லோரும் அதையே போடச் சொல்வார்கள். நீங்கள் வகுப்பு நடத்திக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்கு உரியது 10ஏபி படிவம், அதாவது நேரடியாக வழக்கமான பதிவு. "இன்னும் தொடங்கவில்லை" என்று எழுதித் தற்காலிகப் பதிவு வாங்கிவிட்டால், பின்னால் வழக்கமான பதிவுக்குப் போகும்போது வருமான வரி ஆணையர் உங்கள் வங்கிக் கணக்கையும் வகுப்புப் படங்களையும் கேட்பார். தேதிகள் ஒத்துப்போகாது, விண்ணப்பம் அங்கேயே நிற்கும்.

விண்ணப்பிக்கும் முன் அறக்கட்டளைப் பத்திரத்தை எடுத்து இரண்டு வாசகங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று, அறக்கட்டளை திரும்பப் பெற முடியாதது என்பது. இன்னொன்று, அதைக் கலைக்க நேர்ந்தால் சொத்து இதே நோக்கமுள்ள வேறு அமைப்புக்குத்தான் போகும், நிறுவனர்களுக்குத் திரும்பாது என்பது. இல்லையென்றால் முதலில் திருத்தப் பத்திரம் பதியுங்கள். பயனாளிகளை ஒரு குறிப்பிட்ட சாதி அல்லது மதத்தினர் என்று பத்திரம் சுருக்கியிருந்தால் 80ஜி கிடைக்காது.

80ஜி கிடைத்ததும் நன்கொடை கொட்டும் என்று நம்பிவிடாதீர்கள். புதிய வரிமுறையில் இருக்கும் சம்பளக்காரருக்கு 80ஜி கழிவே கிடையாது. இன்று இயல்பாகப் பொருந்துவதும் அந்த முறைதான். எனவே வரிச்சலுகையை முன்னிறுத்திக் கேட்பதைவிட, ஒரு பிள்ளைக்கு ஒரு மாதம் ஆகும் செலவைக் காட்டிக் கேட்பது பலன் தரும். கழிவு வேண்டும் என்பவர் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தரக்கூடாது. பொருளாகத் தந்தால் கழிவு இல்லை. அந்த நிதியாண்டின் நன்கொடை விவரத்தை மே 31க்குள் 10பிடி படிவத்தில் ஏற்றி, கொடுத்தவருக்கு 10பிஇ சான்றிதழ் தர வேண்டும். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம், அபராதம் தனி. ஒப்புதல் வரும் முன் வாங்கிய பணத்துக்கு 80ஜி ரசீது எழுதித் தராதீர்கள், எவ்வளவு நெருங்கியவர் கேட்டாலும்.

சிஎஸ்ஆர் விஷயத்தில் கம்பெனி நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருக்கும். ஆனால் 2021 முதல் நடைமுறையில் இருக்கும் விதிப்படி, செயல்படுத்தும் அமைப்புக்கு 12ஏ, 80ஜி, சிஎஸ்ஆர்-1 (கம்பெனி விவகார அமைச்சகத்தில் செய்வது) பதிவு மூன்றும் வேண்டும். அந்தக் கம்பெனியோ அரசோ தொடங்காத அமைப்பாக இருந்தால் அதே வகைப் பணியில் மூன்று வருட அனுபவமும் வேண்டும். உங்களுக்கு அது இல்லை. இதற்கு இரண்டு மாற்று வழிகள் உண்டு. கம்பெனி தானே நேரடியாக நடத்தும் திட்டமாக வைத்து, புத்தகம், மேசை போன்றவற்றை அதுவே வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். அல்லது சிஎஸ்ஆர் கணக்கில் காட்டாமல் சாதாரண நன்கொடையாகத் தரலாம்.

உங்கள் அத்தை மகனிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: கையில் இருப்பது எந்த நாட்டுப் பாஸ்போர்ட்? இந்தியப் பாஸ்போர்ட் என்றால், சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அவர் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். கனடாக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருந்தாலும், லீவுக்கு வந்து இங்கேயே ரூபாயில் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) அனுமதி இல்லாமல் வாங்குவது தண்டனைக்குரிய குற்றம். எஃப்சிஆர்ஏ பதிவுக்கு மூன்று வருடச் செயல்பாடும், அந்தக் காலத்தில் முக்கியப் பணிகளுக்குக் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவும் தேவை. அதுவரை எஃப்சி-3பி படிவத்தில் முன் அனுமதி கேட்கலாம்: இன்ன நபர், இன்ன தொகை, இன்ன பணி என்று குறிப்பிட்டு, கொடுப்பவரின் உறுதிக் கடிதத்தோடு. பணம் வரவேண்டிய இடம் பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில் அதற்கென்று திறக்கும் கணக்கு மட்டுமே.

ஆக, இந்த வருடம் உங்களுக்கு முக்கியமாகத் திறந்திருக்கும் வழி உள்நாட்டுத் தனிநபர்களின் மாத நன்கொடை. கைப்பணம் போதாத மாதத்தில் அறங்காவலர் கடன் தரலாம். வங்கி வழியாக, வட்டியில்லாமல், தீர்மானத்தோடு. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கக் கடன் கூடாது. உங்களில் ஒருவர் வகுப்பெடுத்துச் சம்பளம் வாங்கினால், அதே வேலைக்கு வெளியாளுக்குக் கொடுப்பதைவிட அது ஒரு ரூபாயும் கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டடத்துக்கோ மூலநிதிக்கோ (செலவழிக்காமல் நிலையாக வைக்கும் நிதி) என்று யாராவது தந்தால் அதை அவர் கைப்பட எழுதி வாங்கி, தனியாக வங்கி வைப்பில் போடுங்கள்.