ஒரு நொடிக்கு எத்தனை தாள்?

கேள்வி: என் மகளின் படத்தைப் போனில் ஒரு நொடியில் கிப்லி படமாக மாற்றித் தந்தார்கள். அந்தக் கிப்லி ஸ்ரூடியோவின் வரலாறு என்ன? இந்த வசதியை வைத்து யாழ்ப்பாணத்திலும் ஒரு கார்ட்டூன் கொம்பனி தொடங்கலாமா?
— ஒரு வாசகர், கொக்குவில்

பதில்: கிப்லி, ஜப்பானில் அசையும் படம் எடுக்கும் ஸ்ரூடியோ. அதன் வரலாறு இருக்கட்டும். முதலில் 'ஒரு நொடியில்' என்றீர்களே, அதைப் பேசுவோம்.

நொடி என்பது கைநொடி. கண் இமைக்கவும் கை நொடிக்கவும் ஆகும் நேரத்தை நம் இலக்கணகாரர் ஒரு மாத்திரை என்றார்கள். அதோடு விட்டார்களா? நொடிக்க நினைப்பது கால், விரலை ஊன்றுவது அரை, முறுக்குவது முக்கால், விடுப்பது ஒன்று என்று அந்தச் சின்ன அசைவையும் நான்காக வகுத்தார்கள். அசையும் படம் வரைகிறவர் முதலில் செய்வதும் இதைத்தான். ஓர் அசைவைத் தாங்கி நிற்கும் நிலைகள் எவை என்று கண்டு அவற்றை வரைவார். ஜப்பானியர் அதைக் கெங்கா என்பார்கள். அவற்றுக்கு நடுவே வரும் தாள்களை இன்னொருவர் நிரப்புவார். அது டோகா.

திரையில் ஒரு செக்கனுக்கு 24 சட்டங்கள், அதாவது தனித்தனிப் படங்கள், ஓடும். ஒரு தாளை இரண்டு சட்டத்துக்கு நிறுத்தினால் செக்கனுக்கு 12 தாள், மூன்றுக்கு நிறுத்தினால் 8. கிப்லி 2008இல் 'போன்யோ' எடுத்தபோது கடலலைகளைக் கணினியிடம் விடாமல் பென்சிலால் வரைந்தார்கள். மொத்தம் ஏறத்தாழ 1,70,000 தாள்கள். 2013இல் வந்த 'காற்று எழுகிறது' படத்தில் சனக்கூட்டம் அலைமோதும் காட்சி ஒன்று உண்டு. திரையில் நான்கு செக்கன்தான். எய்ஜி யாமாமோரி என்ற கலைஞர் அதற்கு ஒரு வருடமும் மூன்று மாதமும் எடுத்தார். கூட்டத்தில் ஒவ்வொருவரும் தன் பாட்டில் நடக்க வேண்டும், திரும்ப வேண்டும், இடித்துக்கொள்ள வேண்டும். ஒருவரை வரைந்து மற்றவர்களுக்குப் பிரதி எடுத்திருந்தால் கூட்டம் படைநடை போட்டிருக்கும்.

உங்கள் மகளின் படத்துக்கு வருகிறேன். போன் தந்தது அசையாத படம். அதில் நொடியே கிடையாது. கன்னத்தின் நிறமும் வானத்து நீலமும் கிப்லி போலத் தெரியலாம். ஆனால் கிப்லிக்காரர் முப்பது நாற்பது வருடம் உழைத்தது ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் இடையில்.

இனி 'கார்ட்டூன்'. இந்தச் சொல்லோடு எனக்குப் பழைய பகை. பத்திரிகையில் அமைச்சரின் மூக்கை நீட்டிப் போடுவது கார்ட்டூன். கிப்லி 1988 ஏப்ரல் 16இல் இரண்டு படங்களைச் சேர்த்து வெளியிட்டது. ஒன்று 'தொத்தோரோ'. மற்றது 'மின்மினிகளின் கல்லறை': 1945இல் கோபே நகரம் குண்டு வீச்சில் எரிய, தாயை இழந்த அண்ணனும் சின்னத் தங்கையும் பட்டினியால் சாகும் கதை. அதை இயக்கிய இசாவோ தகாஹதா, ஒன்பது வயதில் ஒகயாமா நகரத்தின் குண்டுவீச்சில் தப்பியவர். அந்தப் படத்தில் உருவங்களின் வெளிக்கோட்டைக் கறுப்பில் போடாமல் பெரும்பாலும் மண்ணிறத்தில் போட்டார்கள். கறுப்புக் கோடு உருவத்தைப் பின்னணியிலிருந்து வெட்டி எடுத்துக் காட்டும், மண்ணிறம் அதனோடு சேர்த்துவிடும். பங்கருக்குள் பிள்ளையைப் பொத்திப் பிடித்திருந்தவர்கள் வாழும் ஊர் இது. அந்தப் படத்தைக் கார்ட்டூன் என்று சொல்ல இங்கே யாருக்கும் வாய் வரக்கூடாது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1984இல் மியாசாகி இயக்கிய 'நௌசிக்கா' படம் வென்றது. அடுத்த வருடம் தொகுமா பதிப்பகத்தின் பணத்தில் இயக்குநர்கள் ஹயாவோ மியாசாகி, தகாஹதா, தயாரிப்பாளர் தொஷியோ சுசுகி மூவரும் கிப்லியைத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் ஒவ்வொரு படத்துக்கும் ஆட்களைக் கூட்டி, முடிந்ததும் அனுப்பிவிடுவார்கள். கூலி தாள் கணக்கில். ஒரு முகம் உள்ள தாளுக்கும் முப்பது முகம் உள்ள தாளுக்கும் அருகருகான கூலி என்றால் கை எதைத் தேடும்? இலகுவானதைத்தான். பழக்கிய கையும் படம் முடிந்ததும் வேறிடம் போய்விடும். 1989இல் 'கிகி' படம் நன்றாக ஓடிய பிறகுதான் ஆட்களை நிரந்தரமாக்கி, மாதச் சம்பளம் கொடுத்து, புதியவர்களை எடுத்துப் பயிற்றத் தொடங்கினார்கள். 1992இல் தோக்கியோவின் கொகனெயில் சொந்தக் கட்டடம். 2003இல் 'ஸ்பிரிட்டட் அவே'க்கு ஒஸ்கார், 2024இல் இன்னொன்று. ஆனால் என்னைக் கேட்டால் கிப்லி உண்மையில் பிறந்தது அந்தச் சம்பளப் பட்டியலோடுதான்.

பெயர் சகாராவிலிருந்து லிபியா மீது வீசும் வெப்பக் காற்றினுடையது. இத்தாலியர் அதை ஒரு விமானத்துக்கு வைத்தார்கள். விமானப் பித்தரான மியாசாகி அதைத் தன் ஸ்ரூடியோவுக்கு எடுத்தார். ஜப்பானியர் 'ஜிபுரி' என்கிறார்கள். இத்தாலிய உச்சரிப்புக்கு நம் 'கிப்லி'தான் கிட்ட. நம்மிடம் காற்றுப் பெயருக்குப் பஞ்சமா? வாடை, கொண்டல், கச்சான், சோளகம். நீங்கள் தொடங்கினால் 'சோளகம்' என்றே வையுங்கள். இரவல் பெயர் வேண்டாம்.

தொடங்கலாமா என்றால், தாராளமாக. போன் வேண்டும், கமராவாக. கோப்புக்குத் துளை போடும் கருவியால் ஏ4 தாள்களைத் துளையுங்கள். இரண்டு துளைக்கும் நடுவே 8 சென்ரிமீற்றர் வரும். அதே இடைவெளியில் பலகையில் இரண்டு முளை இறுக்கி, நடுவில் கண்ணாடி, அடியில் எல்ஈடி விளக்கு. முளை துளைக்குள் ஆடினால் படம் முழுக்க நடுங்கும். முளை 6 மில்லிமீற்றருக்கு ஒரு மயிரிழை குறைவாக இருந்தால் போதும். போனைத் தாங்கியில் இறுக்கி, குவியத்தையும் வெளிச்ச அளவையும் பூட்டி, யன்னலை மூடுங்கள். ஒரு முகில் கடந்தாலும் படம் மினுங்கும்.

முதல் பயிற்சி கைநொடி. 12 தாள், ஒவ்வொன்றும் இரண்டு சட்டம். நினைத்தல், ஊன்றல், முறுக்கல், விடுத்தல் என்று நான்கு நிலைகளை முதலில் வரையுங்கள். முதலிரண்டுக்கும் இடையில் மூன்று தாள், ஊன்றலுக்கும் முறுக்கலுக்கும் இடையில் நான்கு. விரல் போகும் பாதை வளைவாக இருக்கட்டும். நேர்கோட்டில் நடுத்தாள் போட்டால் விரல் பாதியில் குட்டையாகும். முறுக்கலுக்கும் விடுத்தலுக்கும் இடையில் ஒரு தாளும் வேண்டாம். இலக்கணகாரர் கால் காலாகச் சமமாக வகுத்தார்கள், வரைகிறவர் சமமாக வகுத்தால் நொடிக்கிற சத்தம் கண்ணுக்குக் கேட்காது. மிச்சமுள்ள ஒரு தாள் கடைசியில், விரல் உள்ளங்கையில் அடித்துச் சற்றே திரும்புவதற்கு. ஓட்டிப் பார்க்கும்போது விரல் றப்பர் போல இழுபட்டால், முறுக்கலுக்குப் பிறகு யாரோ ஒரு தாளைச் செருகியிருக்கிறார்கள். அதை உருவி எடுங்கள்.