வாசகர் கேள்வி பதில்: 'டேக்' என்றால் 'எடு' மட்டும்தானா?

கேள்வி: 'டேக்' என்றால் 'எடு' என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் பஸ், மாத்திரை, நாற்காலி, இரண்டு மணி நேரம் என எதைச் சொன்னாலும் ஆங்கிலத்தில் அதே 'டேக்' வந்து நிற்கிறது. இதற்கு மொத்தம் எத்தனை அர்த்தம்?
(கல்லூரி மாணவி, திண்டுக்கல்)

பதில்: எண்ணிப் பார்த்தவர் இருக்கிறார். சாமுவேல் ஜான்சன் 1755-இல் லண்டனில் வெளியிட்ட ஆங்கில அகராதியில் இந்த ஒரு வினைச்சொல்லுக்கு மட்டும் 134 பொருள் பிரித்து எழுதியிருக்கிறார். எண்ணைக் கேட்டு மலைத்துவிடாதீர்கள். நம்முடைய 'எடு'வைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். காலையில் பசி எடுக்கிறது, வாத்தியார் பாடம் எடுக்கிறார், பிள்ளை எண்பது மார்க் எடுக்கிறது, தீபாவளிக்குத் துணி எடுக்கிறோம், உடம்புக்கு முடியாதவர் வாந்தி எடுக்கிறார், கோயிலில் தீச்சட்டி எடுக்கிறார்கள். சினிமாக்காரர் படம் எடுக்கிறார், பாம்பும் படம் எடுக்கிறது. இதில் எத்தனை இடத்தில் கையை நீட்டி ஒரு பொருளைத் தூக்குகிறோம்? யாரும் நமக்கு இதையெல்லாம் பட்டியல் போட்டுச் சொல்லித் தரவில்லை. பசி என்றால் பக்கத்தில் எடு வரும், துணி என்றாலும் எடு வரும் என்று ஜோடியாகவே காதில் விழுந்து பழகிவிட்டது, அவ்வளவுதான்.

'டேக்'கையும் அப்படித்தான் பிடிக்க வேண்டும். மாத்திரையோடு வந்தால் சாப்பிடுவது, பஸ்ஸோடு வந்தால் பிடிப்பது அல்லது ஏறிப் போவது, நாற்காலியோடு வந்தால் உட்காருவது, நேரத்தோடு வந்தால் ஆவது. 'இந்தக் குடம் பத்து லிட்டர் கொள்ளும்' என்கிறோமே, அந்தக் 'கொள்ளும்' இருக்கும் இடத்தில்கூட ஆங்கிலத்தில் 'டேக்' வரலாம். சில இடத்தில் இரண்டு மொழியும் அப்படியே ஒத்துப் போகும். 'தப்பா எடுத்துக்காதீங்க' என்று நாம் சொல்வதை ஆங்கிலேயரும் 'டேக்' போட்டுத்தான் சொல்கிறார். ஆகவே தனிச்சொல்லுக்கு அர்த்தம் எழுதி வைக்காதீர்கள், பக்கத்துச் சொல்லையும் சேர்த்து எழுதி வையுங்கள்.

கேள்வி: ஏற்றுமதி பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டு பையரிடமிருந்து வந்த குறிப்பில், பக்கத் தையலை 'டேக் இன்' செய்யச் சொல்லியிருந்தார்கள். அகராதியைத் திறந்தால் 'ஏமாற்று' என்று போட்டிருக்கிறது. குழம்பிவிட்டேன்.
(வாசகர், திருப்பூர்)

பதில்: அகராதி சொன்னதும் சரிதான், ஆனால் உங்கள் மேஜைக்கு வந்த 'டேக் இன்' அது இல்லை. தையல்கடையில் சட்டை தொளதொள என்று இருந்தால், டெய்லர் இரண்டு பக்கமும் துணியை விரலால் கிள்ளிப் பிடித்து, 'அரை இஞ்ச் பிடிச்சிடலாமா' என்று கேட்பாரே, அந்தப் பிடித்துத் தைப்பதுதான் இது. எதிர்ச்சொல் 'லெட் அவுட்', அதாவது தையலைப் பிரித்துவிட்டு அகலமாக்குவது. பையரின் குறிப்பில் எத்தனை சென்டிமீட்டர் என்று இல்லாவிட்டால் கேட்டு வாங்கிவிட்டு அப்புறம் கத்தரியைத் தொடுங்கள்.

'டேக்' பின்னால் ஒரு சின்னச் சொல் ஒட்டினால் அதைப் புதிய வினைச்சொல்லாகவே எண்ணிக்கொள்வது நல்லது. 'இன்' ஒட்டினால் ஆதரவற்றவரை வீட்டில் சேர்த்துக்கொள்வது, கண்ணால் பார்த்ததை மனசுக்குள் வாங்குவது, ஒருவரை நம்பவைத்து ஏமாற்றுவது எல்லாம் வரும். 'ஆஃப்' ஒட்டினால் செருப்பைக் கழற்றுவது, விமானம் மேலே கிளம்புவது, லீவு போடுவது. 'ஆஃப்டர்' ஒட்டினால்? 'அப்பனை அப்படியே உரிச்சு வச்சிருக்கான்' என்கிறோம் இல்லையா, அதே அர்த்தம். ஜாடை மட்டுமல்ல, குணத்துக்கும் பொருந்தும்.

கேள்வி: பள்ளிக்கூட ஆசிரியை நான். 'ஐ டேக் கிளாஸஸ்' என்று எழுதுவது தப்பா?
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: நம் ஊரில் எழுதினால் யாரும் தப்பாகப் புரிந்துகொள்ள மாட்டார்கள். இந்தியா முழுக்க ஆசிரியர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள், தமிழில் 'வகுப்பு எடுக்கிறேன்' என்பதும் அதற்குத் தோதாக இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் வகுப்பை 'டேக்' செய்பவர் மாணவர். என் அக்கா மகள் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறவள், வெளிநாட்டு வேலைக்கு இணைய வழியில் நேர்காணல் நடந்தபோது இதே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறாள். எதிரில் இருந்தவர் 'அப்படியா, என்ன படிக்கிறீர்கள்' என்று கேட்டதும் அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. எட்டு வருஷ அனுபவத்தை முதலிலிருந்து விளக்கி முடிப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்றாள். எனக்கு இன்றைக்கும் அது வருத்தம்தான், அவள் ஆங்கிலத்தில் குறையே கிடையாது. வெளிநாட்டுக்கு எழுதும்போது 'டீச்' என்றே போட்டுவிடுங்கள். பரீட்சைக்கும் இதே கதை, நாம் 'எழுதுகிறோம்', அங்கே 'டேக்'.

கேள்வி: என் பெண் ஏழாம் வகுப்பு. 'டேக்' என்ற சொல்லுக்கு இருபது இணைச்சொற்களை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். இதனால் பயன் உண்டா?
(வாசகி, மதுரை)

பதில்: வெறும் பட்டியலாக மனப்பாடம் செய்தால் பயன் குறைவு, சில சமயம் கெடுதலும் உண்டு. பிள்ளை 'அம்மா கொடுத்த தோசையை சீஸ் செய்தேன்' என்று எழுதிவிடும். பட்டியல்படி அது சரி, ஆனால் 'சீஸ்' என்பது விமான நிலையத்தில் சுங்க அதிகாரிகள் தங்கத்தைப் பறிமுதல் செய்வது. 'ஸ்னாட்ச்' பைக்கில் வந்தவன் செயினைப் பறித்துக்கொண்டு போவது. 'கிராப்' அவசரமாக வெடுக்கென்று எடுப்பது. 'ரிசீவ்' என்றால் கையில் வந்து சேர்ந்தது, 'அக்செப்ட்' என்றால் மனசு ஒப்பி ஏற்றுக்கொண்டது. அழைப்பிதழ் வந்து சேரலாம், அழைப்பை ஏற்காமலும் இருக்கலாம்.

நம் தொல்காப்பியமே இதைப் பார்த்து வைத்திருக்கிறது. ஈ, தா, கொடு மூன்றும் கேட்பதற்கு ஒன்றுபோல இருந்தாலும், தாழ்ந்த நிலையில் இருப்பவர் கேட்டால் 'ஈ', சமமானவர் கேட்டால் 'தா', உயர்ந்தவர் கேட்டால் 'கொடு' என்று பிரித்துச் சொல்கிறது. இருபது வேண்டாம், வாரத்துக்கு மூன்று போதும். ஒவ்வொன்றுக்கும் வீட்டில் நடந்த ஒரு சம்பவத்தை வைத்து உங்கள் பெண்ணையே வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். ஆசிரியையிடமும் தயங்காமல் பேசிப் பாருங்கள்.

கேள்வி: 'பிரிங்', 'டேக்' இரண்டுக்கும் எனக்கு எப்போதும் குழப்பம்.
(வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: கொண்டு வா என்றால் 'பிரிங்', கொண்டு போ என்றால் 'டேக்'. ஒன்றை மட்டும் கவனியுங்கள். தமிழில் குடையை எடுத்துக்கொண்டு போவோம், பாட்டியைக் கூட்டிக்கொண்டு போவோம், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவோம். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ஒரே 'டேக்' போதும். தமிழாக்கும்போதுதான் யார், எது என்று பார்த்து எழுத வேண்டும்.

கேள்வி: அதிக அர்த்தம் உள்ள ஆங்கில வினைச்சொல் 'டேக்'தானா?
(வாசகர், சேலம்)

பதில்: இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் 1989 பதிப்பில் 'செட்' முன்னால் இருந்தது. பிறகு நடந்த திருத்தத்தில் 'ரன்' முந்திவிட்டது. அதன் வினைப் பொருள்களை மட்டும் பிரித்து எழுத பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியருக்கு ஒன்பது மாதம் ஆனது, மொத்தம் 645 வந்தது. ஒரே ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் உட்கார்ந்தவரை நினைத்தால் எனக்குக் கும்பிடத் தோன்றுகிறது.

கேள்வி: இந்த 'டேக்' ஆதியிலிருந்தே ஆங்கிலச் சொல்தானா?
(வாசகி, கோவை)

பதில்: கிடையாது, வந்து குடியேறிய சொல். 9ஆம் நூற்றாண்டிலிருந்து ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்து இங்கிலாந்தில் தங்கிய வைக்கிங்குகளின் மொழியில் 'டாகா' என்று இருந்தது. அதற்கு முன் ஆங்கிலத்தில் எடுப்பதற்கு 'நிமன்' என்றார்கள். ஜெர்மனில் இன்றைக்கும் 'நேமன்' என்று அதன் உறவுச் சொல் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'டேக்' வந்து மெல்ல மெல்ல அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆனாலும் 'நிமன்' முழுசாகப் போய்விடவில்லை. குளிரில் விரல் மரத்துப் போனால் 'நம்' என்கிறார்களே, அது 'நிமன்' வினையின் இறந்தகால வடிவத்திலிருந்து வந்ததுதான். எடுக்கப்பட்டது, அதாவது விரலில் இருந்த உணர்ச்சியைக் குளிர் எடுத்துக்கொண்டது என்று பொருள். அதன் எழுத்துக் கூட்டலில் கடைசியில் வாய்விட்டுச் சொல்லாத ஒரு 'பி' இருக்கிறது பாருங்கள், அது பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது.