தைம் செடியில் வெள்ளை: மருந்துக்கு முன் ஒரு சொட்டு வினிகர்

கேள்வி: சூப்பில் போடலாம் என்று ஆன்லைனில் 180 ரூபாய்க்கு ஒரு தைம் செடி வாங்கினேன். வந்தபோது பச்சைப் பசேலென்று இருந்தது. ஒரு மாதத்தில் இலை மேலெல்லாம் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளை. மண் தொட்டியின் விளிம்பிலும் அதே வெள்ளை. தினமும் காலையில் போர் தண்ணீரைச் செடியின் தலையோடு தெளிக்கிறேன். உரக்கடையில் படத்தைக் காட்டினேன். பூஞ்சை மருந்து 420 ரூபாய் என்றார்கள். வாங்கலாமா? செடி விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?
- வாசகி, மயிலாடுதுறை

பதில்: மருந்தை இப்போது வாங்காதீர்கள். தொட்டி விளிம்பிலும் வெள்ளை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குப் பெரிய துப்பு. செடியைப் பிடிக்கும் பூஞ்சை சுட்ட மண் விளிம்பில் வந்து உட்காராது. எனக்குச் சந்தேகம் உங்கள் தண்ணீர் மேல்தான்.

விளிம்பில் இருக்கும் வெள்ளை மேல் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். பொடிப் பொடியாக நுரை கிளம்பினால் அது சுண்ணாம்பு உப்பு. நுரைக்காமல் வெறும் தண்ணீரிலேயே கரைந்தால் சாதாரண உப்பு. உங்கள் வீட்டில் போர் தண்ணீரில் பருப்பு வேகச் சுணங்குகிறதா, சோப்பு நுரைக்க மறுக்கிறதா? அப்படியானால் சோதனைகூட வேண்டாம்.

கும்பகோணத்தில் எங்கள் மாடியில் இருந்த தைமுக்கு நானும் நோய் என்றே நினைத்து மூன்று முறை வேப்பெண்ணெய் அடித்தேன். நுனி கருகியது, வெள்ளை போகவில்லை. ஒருநாள் வெந்நீர்ப் பானையைத் தேய்க்கும்போது அடியில் ஓடு ஓடாகப் பெயர்ந்ததைப் பார்த்துத்தான் புரிந்தது. பானையில் இருந்ததுதான் இலையிலும் இருந்தது. சொட்டு காய்ந்த இடமெல்லாம் வட்டம் வட்டமாக, ஓரம் மட்டும் தடித்த கறை.

சரி, என்ன செய்வது? தலையோடு தெளிப்பதை இன்றே நிறுத்துங்கள். தொட்டி மண்ணின் மேலே படிந்த வெள்ளை ஏட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, தொட்டி கொள்ளும் அளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு மழைத்தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடி ஓட்டை வழியே முழுதும் வடியவிடுங்கள். அப்புறம் தண்ணீர் வேரடியில் மட்டும், அதுவும் மேல்மண் காய்ந்த பிறகு. தைம் மத்தியதரைக் கடல் பக்கத்து வறண்ட மேட்டுச் செடி, தினசரித் தண்ணீர் அதற்கு ஆகாது. ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரை வீணாக்க வேண்டாமே என்று ஊற்றிவிடாதீர்கள், அதில் உப்பு இன்னும் கூடுதல். ஐப்பசி மழையில் இரண்டு குடம் பிடித்து மூடி வைத்தால் இந்த ஒரு தொட்டிக்குப் பல நாள் வரும்.

ஒருவேளை வினிகர் சோதனையில் எதுவும் தெரியாவிட்டால், இலை தண்டோடு சேரும் கணுவைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பஞ்சுத் துணுக்கு மாதிரி ஒட்டிக்கொண்டு, பிசுபிசுப்பும் எறும்பும் இருந்தால் மாவுப்பூச்சி. சர்ஜிகல் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுத்துவிட்டு, வாரம் ஒருமுறை லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சில சொட்டு சோப்புக் கரைசலோடு சாயங்காலம் அடியுங்கள். எறும்பை விரட்டாமல் மாவுப்பூச்சி போகாது. இலை மேல் மாவு பூசியது போலிருந்து, துடைத்த சில நாளில் திரும்ப வந்தால் சாம்பல் நோய். நெருக்கமான கிளைகளைக் கத்தரித்துக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து காலையில் தெளிக்கலாம். இந்தப் பூஞ்சைக்குத் தண்ணீரில் கலந்து அடிக்கும் கந்தகப் பொடியான நனையும் கந்தகத்தை நம் ஊர் வெயிலில் நான் பரிந்துரைக்க மாட்டேன். 32 டிகிரிக்கு மேல் இலையைக் கருக்கிவிடும்.

பணம் திருப்பிக் கேட்பது பற்றி: உப்பு என்று தெரிந்தால் விற்றவர் மேல் குற்றமில்லை, கேட்பது நியாயமும் இல்லை. பூச்சியோடு வந்த செடி என்றால் கதை வேறு. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க விற்பவர் மறுக்க முடியாது. மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். ஆனால் பார்சல் பிரித்த அன்றே எடுத்த படம் வேண்டும், ஒரு மாதம் கழித்து எடுத்தது நிற்காது.

சமையலுக்கு? உப்புக் கறை என்றால் இலையை நன்றாகக் கழுவிப் போடலாம். வாங்கி வந்தவுடனே வெள்ளைக் கறை இருந்தால், அது நர்சரியில் அடித்த மருந்தாகவும் இருக்கலாம். அந்த இலைகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, புதுத் தளிர் வந்த பிறகு பறியுங்கள்.