கிளிநொச்சியில் மண், நீர் ஆய்வுகூடம் கட்ட வீட்டுப் பிளான் கீறுபவர் போதுமா?

உங்கள் கேள்வி இது: பரந்தன் பக்கம் ஏ9 வீதியோரம் முக்கால் ஏக்கர் காணி இருக்கிறது. வயல் மண்ணும் கிணற்றுத் தண்ணீரும் சோதித்துக் கொடுக்கிற சிறிய ஆய்வுகூடம் ஒன்று போட விருப்பம். ஊரில் வீட்டுப் பிளான் கீறுகிற தம்பியிடம் கொடுத்தால் போதுமா, ஆய்வுகூடம் தெரிந்த கட்டடக்கலைஞருக்கும் காசு கொடுக்க வேண்டுமா?

கொடுக்கத்தான் வேண்டும். அதற்காக அந்தத் தம்பியை விட்டுவிட வேண்டாம். பிரதேச சபைக்குப் போடுகிற படம், அத்திவாரம், கூரை எல்லாம் அவர் நன்றாகச் செய்வார். ஆய்வுகூடம் தெரிந்தவருக்குக் கொடுக்கிற காசில் பெரும்பங்கு, அவர் பென்சிலைத் தொட முன்னம் உங்களிடம் கேட்கிற கேள்விகளுக்குப் போகிறது. அந்தக் கேள்விகள் கேட்கப்படாத கட்டடத்தில் நான் வருடக் கணக்காக வேலை செய்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வன்னியில் ஆய்வுகூடத் தொழில்நுட்ப உத்தியோகத்தராக நான் முதலில் சேர்ந்த இடத்தின் பெயர் வேண்டாம். புதுக் கட்டடம், முகம் தெரிகிற டைல்ஸ். அமிலப் புகையை இழுத்து வெளியே விடுகிற ஃபியூம் ஹூட் வாசல் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்கு நேர் மேலே சீலிங் ஃபான். மண்ணை அமிலத்தில் கொதிக்க வைக்கிற நாட்களில் பின்னேரம் எல்லோருக்கும் தொண்டை எரியும், தலை இடிக்கும். அசிட் வேலை என்றால் அப்படித்தான் என்று நாங்களே எங்களுக்குச் சொல்லிக்கொண்டோம்.

ஒரு வருடம் வாணி விழாவுக்கு ஏற்றிய ஊதுபத்தியை யாரோ அந்த ஹூட்டின் வாசலில் வைத்துவிட்டார்கள். ஹூட் ஓடிக்கொண்டிருந்தது. புகை நேரே உள்ளே போயிருக்க வேண்டும். அது வாசலில் நின்று இரண்டு சுற்றுச் சுற்றி, எங்கள் முகத்துப் பக்கம் திரும்பி வந்தது. கதவைத் திறந்துகொண்டு ஒருவர் வர, இன்னும் ஒரு பிடி புகையை அள்ளிக்கொண்டு வெளியே வந்தது. ஃபானை நிறுத்தினோம். அதன்பிறகு நூல் கட்டி இழுத்தமாதிரி உள்ளே போனது. தேங்காய், கடலை எல்லாம் அப்படியே இருக்க, நாங்கள் அந்தப் புகையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஹூட்டின் வாசலில் காற்று உள்ளே போகிற வேகம் செக்கனுக்கு 0.5 மீற்றர் அளவில்தான் இருக்கும். ஒருவர் நடக்கிற வேகத்தில் பாதிகூட இல்லை. ஃபானும் கதவும் பக்கத்தால் நடந்துபோகிற ஆளும் அதைக் கலைத்துவிட முடியும். ஆகவே ஹூட்டின் இடம் கதவிலிருந்தும் நடைபாதையிலிருந்தும் ஒதுங்கிய மூலை. இதை வீட்டுப் பிளானில் யாரும் யோசிக்கத் தேவையில்லை. ஆய்வுகூடத்தில் முதலில் யோசிக்க வேண்டியதே இதுதான்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். ஹூட்டின் வாய் 1.2 மீற்றர் அகலம், அதன் முன்கண்ணாடி அரை மீற்றர் உயர்ந்திருக்கிறது என்றால் அந்த வேகத்தில் மணிக்கு 1,080 கன மீற்றர் காற்று வெளியே போகும். உங்கள் அறை 6 மீற்றர் நீளம், 5 அகலம், 3 உயரம் என்றால் அதில் இருப்பது 90 கன மீற்றர். அதாவது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அறையின் முழுக் காற்றும் வெளியே போய்விடுகிறது. சுவரில் மாட்டுகிற ஏசி புதுக்காற்று கொண்டுவராது, உள்ளே இருக்கிறதைத்தான் சுற்றிச் சுற்றிக் குளிராக்கும். அப்போது வெளியே போன காற்றுக்குப் பதில் காற்று எங்கிருந்து வரும்? கதவுக்குக் கீழாலும் ஜன்னல் நீக்கலாலும் வரும். தென்மேற்குக் காற்று அடிக்கிற சோளகக் காலத்தில் அது புழுதியோடு வரும். பத்தாயிரத்தில் ஒரு பங்கு கிராம் நிறுக்கிற தராசுக்குப் பக்கத்தில் அந்தப் புழுதி போய் இருக்கும். காற்று உள்ளே வர, வடிகட்டி போட்ட தனி வழி வேண்டும். அது எந்தச் சுவரில், எவ்வளவு பெரிதாக என்பது படத்தில் முதல் நாளே இருக்க வேண்டும். பிறகு சுவரை உடைத்துப் போடுவது எவ்வளவு கஷ்டம் என்று நான் பார்த்திருக்கிறேன்.

புழுதி என்றதும் மண் அரைக்கிற இடம். வயலில் இருந்து வருகிற மண்ணைக் காயவைத்து, இடித்து, அரித்தெடுக்கிற வேலை ஊரையே புழுதியாக்கும். அதைத் தண்ணீர் பார்க்கிற அறையோடு ஒட்டி வைத்தால் உங்கள் முடிவுகளை நீங்களே நம்ப முடியாது. தனிக் கொட்டகை வேண்டும். வைகாசி தொடங்கி சோளகம் தென்மேற்கால் அடிக்கிறது, மாரியில் வாடை வடகிழக்கால் வருகிறது. இந்த இரண்டு பக்கத்திலும் கொட்டகையை வைத்தால் வருடத்தில் பாதி, கட்டடத்துக்குள் புழுதிதான். வடமேற்கு அல்லது தென்கிழக்கு மூலையில் தள்ளிப் போடச் சொல்லுங்கள்.

வெயிலைப் பற்றிச் சுருக்கமாக: கட்டடத்தின் நீளப் பக்கம் கிழக்கு மேற்காக ஓடட்டும், மேற்குச் சுவரில் ஜன்னல் வேண்டாம். வடக்குப் பக்க ஜன்னலுக்கு நிழல் தேவையில்லை என்று பலரும் நினைப்பார்கள். நாங்கள் இருப்பது வட அகலக்கோடு 9 பாகையில். சித்திரை நடுவில் இருந்து ஆவணி வரை உச்சி வெயில் வடக்குப் பக்கமாகத்தான் சாய்ந்து நிற்கும். அங்கும் தாழ்வாரம் இறக்குங்கள்.

தண்ணீரில் கொஞ்சம் நிற்க வேண்டும். கண்ணில் அமிலம் தெறித்தால் பத்துச் செக்கனுக்குள் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் கண் கழுவுகிற குழாய் இருக்க வேண்டும், பதினைந்து நிமிடம் விடாமல் கழுவ வேண்டும், தண்ணீர் 16 முதல் 38 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும் என்பது பல நாடுகளிலும் பின்பற்றுகிற அளவு. வேறொரு கட்டடத்தில் வேலை முடிந்து பார்க்கக் கூப்பிட்டார்கள். சித்திரை மாதம், மத்தியானம் ஒரு மணி. கண் கழுவுகிற குழாயைத் திறந்து கையை நீட்டினேன், உடனே இழுத்துவிட்டேன். தேத்தண்ணி போடலாம் போலச் சூடு. கூரைத் தட்டில் கறுப்புத் தாங்கி, வெயிலில் கிடக்கிற பைப், அதில் இருந்து நேரே கண்ணுக்கு. “தண்ணி ஓடுதுதானே ஐயா” என்றார் ஒப்பந்தகாரர். ஓடுகிறதுதான். அமிலம் பட்ட கண்ணை அதில் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை பதினைந்து நிமிடம் நிற்குமா? தாங்கியைக் கூரைக்குக் கீழே நிழலில் வையுங்கள், பைப்பை நிலத்துக்கடியில் கொண்டுபோங்கள். உடம்பு முழுக்கக் கழுவுகிற அவசர ஷவரும் வைப்பதாக இருந்தால் அதற்கு நிமிடத்துக்கு 75 லீற்றர் வேண்டும். பதினைந்து நிமிடத்துக்கு 1,125 லீற்றர். 1,000 லீற்றர் தாங்கி ஒன்றை வைத்துவிட்டுப் போதும் என்று இருக்க முடியாது.

குழாய்க்கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சி வடிக்கிற கருவிக்கு நேரடியாகக் கொடுத்தால் எங்கள் பக்கக் கல்சியம் சூடாக்கியில் கட்டியாகப் படிந்துவிடும். மழைநீர்த் தொட்டி ஒன்று கட்டினால் மாரித் தண்ணீர் அந்த வேலைக்கு நல்லது.

அடுத்தது வாயு. மண்ணில் உலோகங்கள் பார்க்கிற அணு உறிஞ்சல் கருவி வாங்குவீர்கள் என்றால் அதற்கு அசற்றலீன் என்ற எரிவாயு வேண்டும். சிலிண்டர் கட்டடத்துக்கு வெளியே, நிழலான கூண்டில், நிமிர்த்திச் சங்கிலி போட்டு நிற்க வேண்டும். முக்கியமாக அந்த வாயுவுக்குச் செப்புக் குழாய் போடவே கூடாது. அசற்றலீனும் செப்பும் சேர்ந்தால் அதிர்ச்சியிலேயே வெடிக்கிற சேர்வை உண்டாகும். பைப் வேலை செய்கிறவர் நல்ல மனதோடு, விலை கூடினாலும் உறுதியானது என்று செப்பைத்தான் கொண்டுவருவார். படத்தில் எழுதியிருந்தால்தான் அவர் கை நிற்கும்.

கழிவுதான் எனக்கு நித்திரை வராத விடயம். எங்கள் சனம் கிணற்றில் அள்ளிக் குடிக்கிறவர்கள். வவுனியாவின் சில பகுதிகளில் காரணம் முழுதாகப் பிடிபடாத சிறுநீரக நோயோடு எத்தனை குடும்பங்கள் அலைகின்றன. தண்ணீர் நல்லதா என்று பார்க்கக் கட்டுகிற இடமே பக்கத்து வளவுக் கிணற்றைக் கெடுக்கக் கூடாது. ஆய்வுகூடத்தில் கை, பாத்திரம் கழுவுகிற தொட்டிகளின் வடிகால் மலசலகூடக் குழியோடு சேரவே கூடாது. அதற்குத் தனிப் பைப், அமிலம் தாங்குகிற பூச்சுப் போட்ட தனித் தொட்டி, அதில் அமிலத்தை அடக்கச் சுண்ணாம்புக்கல். உலோகம் கலந்த கழிவும் கரைப்பான்களும் அந்தத் தொட்டிக்குக்கூடப் போகக் கூடாது, கலனில் சேர்த்து முறையாகக் கையளிக்க வேண்டும். அந்தக் கலன்கள் நிற்க ஒரு சிறிய அறை பிளானில் இருக்க வேண்டும். மத்திய சுற்றாடல் அதிகார சபையிடம் படம் முடிய முன்னமே போய்ப் பேசுங்கள். காணியில் வெள்ளம் எதுவரை வந்தது என்று அயலவரிடமும் கேளுங்கள். 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது வந்த தண்ணீரைப் பரந்தன் சனம் மறந்திருக்காது. இரசாயனப் பொருட்களின் அறை அந்த மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும்.

பெரிய பெயர் உள்ளவரைப் பிடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. அகமதாபாத்தில் இந்திய முகாமைத்துவ நிறுவனத்தை வடிவமைத்த லூயி கான், 1960 அளவில் பிலடெல்பியாவில் மருத்துவ ஆய்வுகூடக் கோபுரங்கள் கட்டினார். உலகமே புகழ்ந்தது. உள்ளே இருந்த விஞ்ஞானிகள் வெயில் கூச்சம் தாங்காமல் ஜன்னல்களை மறைத்துக்கொண்டார்கள், அறைகளில் இடமும் போதவில்லை. அதே கான் 1965இல் கலிபோர்னியாவில் முடித்த சோல்க் நிறுவகத்தில் ஒவ்வொரு ஆய்வுகூட மாடிக்கும் மேலே பைப்புகளுக்கும் காற்றுக் குழல்களுக்கும் ஆள் நிமிர்ந்து நடக்கிற உயரத்தில் தனித் தளமே கொடுத்தார். உங்களுக்கு மாடி தேவையில்லை. வேலை மேசைகளுக்குப் பின்னால் ஒரு மீற்றர் அகலத்தில் ஒரு ஒழுங்கை விட்டு, பைப், வயர் எல்லாவற்றையும் அதற்குள் சுவருக்கு வெளியே ஓடவிட்டால் போதும். மேசன் அண்ணை வடிவில்லை என்று சொல்லுவார். பைப் வெடிக்கிற நாளில் டைல்ஸ் உடைக்கத் தேவையில்லை.

சரி, ஆளை எப்படித் தெரிவது? முதல் சந்திப்பில் முன்தோற்றப் படம் காட்டுகிறவரை விடுங்கள். “ஒரு நாளைக்கு எத்தனை மாதிரி வரும், என்ன அமிலம் பாவிப்பீர்கள், கருவிகளின் பாரம் என்ன, கரண்ட் போனால் எது நிற்கக் கூடாது, ஐந்து வருடத்தில் என்ன கூட்டுவீர்கள்” என்று கேட்கிறவரைப் பிடியுங்கள். நீங்களும் கருவிப் பட்டியலைக் கையோடு கொண்டுபோக வேண்டும். உங்கள் அறிக்கைக்கு இலங்கைத் தராதர அங்கீகாரச் சபையின் அங்கீகாரம் எடுக்கும் எண்ணம் இருந்தால் ஆய்வுகூடங்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 17025 வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அறையின் நிலைமைகள் முடிவைக் கெடுக்காது என்று காட்டும்படி அதில் கேட்பார்கள். அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. அனுமதி கேட்டு, கட்டடக்கலைஞரையும் கூட்டிக்கொண்டு போய், அங்கே தினமும் வேலை செய்கிறவர்களிடம் எது இடைஞ்சல் என்று கேளுங்கள்.

காசு இறுக்கமாக இருந்தால் தண்ணீர்ப் பகுதியை மட்டும் முதலில் தொடங்குங்கள். புளோரைட்டும் கடினத்தன்மையும் பார்க்க ஹூட் தேவையில்லை, கட்டடச் செலவு நன்றாக இறங்கும். மண் பகுதிக்கு இடத்தையும் பைப் வழியையும் மட்டும் விட்டு வையுங்கள்.

அப்புறம், வேலை முடிந்து திறப்பை வாங்குகிற நாளில் ஊதுபத்தி ஒன்று கொண்டுபோங்கள். ஹூட்டையும் ஏசியையும் போட்டுவிட்டு, ஒருவரைக் கதவைத் திறந்து மூடச் சொல்லி, புகை எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். உங்கள் பக்கம் வந்தால் கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டாம்.