வாசகர் கேள்வி – பதில்: மெனோனைட் சபையும் வீட்டுக்கூட்டமும்

கேள்வி: கனடாவின் வின்னிபெக் நகரில் குடியிருக்கும் என் மகள், வீட்டருகே உள்ள மெனோனைட் சபைக்குப் போய்வருகிறாள். ஞாயிறு ஆராதனை போதாதென்று, வாரநாளில் யாராவது ஒருவர் வீட்டில் கூடும் சிறு ஐக்கியக் குழுவிலும் சேரச் சொல்கிறார்களாம். இது நம் ஊர் வீட்டு ஜெபக்கூட்டம்தானே?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: வேத வாசிப்பு, பாட்டு, ஜெபம், முடிவில் காப்பி என்று பார்த்தால் அதுவேதான். ஆனால் நம் பக்கத்தில் ஆலயம் எழும்பிய பிறகு அதன் கிளையாக வீட்டுக்கூட்டம் முளைத்தது. 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தக் காலத்தில் தோன்றிய கிறிஸ்தவப் பிரிவினரான மெனோனைட்டுகளுக்கோ வீட்டுக்கூட்டமே மூத்தது. 1525 ஜனவரி 21 அன்று சூரிச் நகரில், குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்க மறுத்த சிலர் பீலிக்ஸ் மான்ஸின் வீட்டில் கூடினர். அங்கே கான்ராட் கிரேபெல், ஜார்ஜ் பிளவ்ராக் என்பவருக்கு விசுவாச ஞானஸ்நானம், அதாவது தானே விசுவாசித்து வளர்ந்தபின் பெறும் ஞானஸ்நானம், கொடுத்தார். நகர மன்றம் இத்தகைய கூட்டங்களைத் தடைசெய்தது. 1527 ஜனவரியில் மான்ஸை லிம்மட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது. அதன் பிறகு இவர்கள் காட்டிலும் குகையிலும் ஒளிந்து கூடினார்கள். இவர்களுக்குப் பெயர் தந்த நெதர்லாந்துக்காரர் மென்னோ சைமன்ஸ், குருப்பட்டத்தை உதறிவிட்டு வந்தது 1536-இல்தான்.

அந்தத் தொடக்க நாட்களில், 1527 வாக்கில், சுவிஸ் சகோதரர்கள் என்று பெயர்பெற்ற இந்தக் குழுவினர் எழுதிவைத்த ஒரு சிறிய ஒழுங்குமுறை கிடைத்திருக்கிறது. வாரத்துக்கு மூன்று நான்கு முறையாவது கூட வேண்டும், வேதத்தை வாசிக்கும்போது நன்றாக விளங்கியவர் விளக்க மற்றவர்கள் அமைதியாகக் கேட்க வேண்டும், ஏழைகளுக்கு உதவப் பொது நிதி இருக்க வேண்டும் என்று சொல்லும் அது, சாப்பாட்டையும் விட்டுவைக்கவில்லை: கூடும் இடத்தில் பெருந்தீனி கூடாது, ஒரு சூப்போ, கொஞ்சம் காய்கறியும் இறைச்சியுமோ போதும் என்கிறது. (இட்லி, வடை, கேசரி என்று அடுக்கி, அடுத்த வாரம் கூட்டம் வைக்கப்போகிறவரைத் திணறடிக்கும் நம்மவர்களும் இதைப் படிக்கலாம்.) ஆகவே உங்கள் மகளை அழைப்பவர்கள் சபையின் பழைய வடிவத்துக்குத்தான் அழைக்கிறார்கள். பேசத் தயக்கமென்றால் சில வாரங்கள் கேட்டுக்கொண்டிருந்தாலே போதும்.

கேள்வி: இத்தகைய குழுக்களில் ஒருவரையொருவர் கண்டிப்பதும், விலக்கிவைப்பதும் உண்டாமே?
– வாசகர், நாசரேத்

பதில்: மத்தேயு 18-ஆம் அதிகாரத்தின்படி முதலில் தனியாக, பிறகு ஓரிருவரோடு, அதன் பின்னரே சபையில் சொல்ல வேண்டும் என்பதை இவர்கள் விதியாகவே கொண்டார்கள், 1527 பிப்ரவரியில் சுவிட்சர்லாந்தின் ஷ்லைட்ஹைம் என்ற ஊரில் கூடி ஏற்ற விசுவாச அறிக்கையின் இரண்டாம் பிரிவே அதைப் பற்றியது. விலக்கப்பட்டவரோடு எவ்வளவு ஒதுங்கியிருப்பது என்ற தகராறு முற்றியே 1693-இல் யாக்கோபு அம்மானின் தரப்பு, அதாவது ஆமிஷ் மக்கள், பிரிந்தார்கள். இன்று நகர்ப்புற மெனோனைட் சபைகள் பலவற்றில் அந்தக் கடுமை இல்லை. ஆயினும் கடன், குடி, கணவன் மனைவி பூசல் ஆகியவற்றைத் துணிந்து பேச முடியாத குழு வெறும் வேதபாட வகுப்பாக முடியும் என்பது என் எண்ணம்.

கேள்வி: சிறு குழுக்கள் வளர்ந்து சபையை உடைத்துவிடாதா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: உடைத்ததும் உண்டு. இன்றைய உக்ரைனில் இருந்த மொலோச்னா என்ற மெனோனைட் குடியேற்றத்தில், வீடுகளில் வேதம் படித்துவந்த சிலர் 1859 நவம்பரில் மூப்பரின் அனுமதியின்றித் தங்களுக்குள் திருவிருந்து அனுசரித்தனர். எதிர்ப்பு கிளம்பவே, 1860 ஜனவரியில் 18 குடும்பத் தலைவர்கள் கையெழுத்திட்டுப் பிரிந்தார்கள். அப்படிப் பிறந்ததே மெனோனைட் பிரதரன் சபை. அதன் மிஷனரிகள் பின்னர் இந்தியாவுக்கும் வந்தார்கள். தெலங்கானாவின் மகபூப்நகர் பக்கத்தில் அந்தச் சபையினர் இன்றும் இருக்கிறார்கள்.