நேசமணியும் பாறசாலை மாமியும்

அன்புள்ள ஐயா,

எங்கள் வீடு குழித்துறைக்குப் பக்கம். மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நவம்பர் 1 விழாவில், அதற்காகப் போராடிய மார்ஷல் நேசமணியைப் பற்றி மூன்று நிமிடம் பேச வேண்டும். டீச்சர் கொடுத்த தாள் பிறந்த தேதியில் தொடங்கி, பதவிகளை வரிசையாகச் சொல்லி, “மலையாளிகளிடமிருந்து நம்மை மீட்ட மாவீரர்” என்று முடிகிறது. மனப்பாடம் செய்துகொண்டிருந்தவள் திடீரென்று, “அப்போ பாறசாலை மாமி கெட்டவங்களாம்மா?” என்றாள். என் அண்ணன் எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பாறசாலையில் பெண் எடுத்து அங்கேயே வீடு வைத்திருக்கிறார். என்ன சொல்வது? துப்பாக்கிச் சூட்டைப் பற்றியெல்லாம் பிள்ளைகளிடம் பேசலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

உங்கள் மகள் கேட்டது சரியான கேள்வி. அந்தக் கடைசி வரியை அடித்துவிடுங்கள்.

1895-இல் பள்ளியாடியில் பிறந்தார் என்பதோடு தேதிகளை நிறுத்திக்கொண்டு நேராக நாகர்கோவில் கோர்ட்டுக்குப் போய்விடலாம். நேசமணி அங்கே இளம் வக்கீலாக நுழைந்தபோது மேல்சாதி வக்கீல்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்கு முக்காலி. அவர் முக்காலியை எட்டி உதைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார் என்று நம் ஊரில் இன்றும் சொல்வார்கள். இதைப் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம். வகுப்பில் யாரையாவது தனியாக உட்கார வைத்தால் எப்படி இருக்கும் என்று அவர்களுக்கே தெரியும்.

அப்புறம் மொழி. அன்று நம் பகுதி திருவிதாங்கூரோடு இருந்தது. அதில் தமிழ் பேசும் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது. நேசமணி தனியாளாக நின்று அதைச் சாதிக்கவில்லை. சாம் நத்தானியேல், தாணுலிங்க நாடார், குஞ்சன் நாடார் பெயர்களையும் பேச்சில் சேர்த்துவிடுங்கள், ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். தேயிலைத் தோட்டத் தமிழர்களுக்காக, இன்று கேரளத்தில் இருக்கும் தேவிகுளம் போய், தடையை மீறி 1954-இல் நேசமணி கைதானார். ‘மார்ஷல்’ என்றதும் துப்பாக்கி வைத்திருந்தாரா என்று எந்தப் பிள்ளையாவது கேட்கும். இல்லை, அவர் வக்கீல். அது மக்கள் வைத்த பட்டம்.

துப்பாக்கிச் சூட்டைச் சொல்லத்தான் வேண்டும். 1954 ஆகஸ்ட் 11 அன்று தொடுவெட்டியிலும் (இன்றைய மார்த்தாண்டம்) புதுக்கடையிலும் இந்தக் கோரிக்கைக்காகப் போராடியவர்களைப் போலீஸ் சுட்டது. ஆட்கள் செத்தார்கள். ரத்தத்தை வர்ணிக்க வேண்டாம், ஆனால் மறைக்கவும் வேண்டாம். இரண்டும் உங்கள் மகள் பஸ்ஸில் போய்வரும் ஊர்கள்தானே.

பாறசாலை மாமிக்கான பதிலும் இங்கேதான் இருக்கிறது. அப்போது திருவிதாங்கூர்-கொச்சி முதல்வர் பட்டம் தாணுபிள்ளை, பிரஜா சோஷலிஸ்ட் கட்சிக்காரர். அவர் அரசு பதவி விலக வேண்டும் என்று அதே கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா சொன்னார், அதுவும் சிறையில் இருந்துகொண்டு. அரசு விலகவில்லை, கடைசியில் கட்சிதான் உடைந்தது. சுட்டது ஓர் அரசு. அதைத் தட்டிக்கேட்க அந்த அரசின் கட்சிக்குள்ளேயே ஆள் இருந்தார். இதில் மாமி எங்கே வருகிறார்?

இன்னொன்று. மலையாளிகளும் அப்போது தங்கள் மொழிக்கு ஒரு மாநிலம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கும் இந்தப் பக்கம் வந்தன. அதே நாளில் மலபார் சென்னை மாநிலத்திலிருந்து அந்தப் பக்கம் போனது. கேரளம் பிறந்ததும் அன்றுதான். உங்கள் அண்ணன் வீட்டிலும் அது விழா நாள். காலையில் மாமிக்கு ஒரு போன் போட்டு வாழ்த்துச் சொல்லிவிட்டு மகள் மேடை ஏறட்டும்.

கிடைக்காததையும் சொல்லச் சொல்லுங்கள். தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரை வரவில்லை. கைதான இடமே கைக்கு வரவில்லை. மேடைப் பேச்சுகளில் இதை விட்டுவிடுகிறோம், தலைவர் தோற்றதாகத் தெரிந்துவிடுமோ என்ற பயம். பிள்ளைகளுக்கு அந்தப் பயம் கிடையாது.

பதவிகளில் ஒன்று போதும்: 1968-இல் இறக்கும்போது அவர் நாகர்கோவில் எம்.பி. அந்த இடத்துக்கு 1969-இல் நடந்த இடைத்தேர்தலில் வென்றவர் காமராஜர். காமராஜரைத் தெரியாத பிள்ளை கிடையாது, இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காரும்.

மூன்று நிமிடத்துக்கு மேல் போனால் பட்டங்களை வெட்டுங்கள், முக்காலியை வெட்டாதீர்கள். டீச்சர் வருத்தப்பட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்.